அலங்காரத்துக்கு முன்னம் ஒரு படம்

மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சாமத்தியம், கோயில் திருவிழா, இவ்வளவும்தான் தொழில். சிலைக் களவும் பழம்பொருள் சந்தையும் என் தொழிலுக்குள் நுழைந்தது, பக்கத்து ஊர்க் கோயில் பரிபாலன சபை என் கடைப் படியேறி வந்த அன்றைக்கு. திருவிழாவில் வீதியுலா வருகிற எழுந்தருளி அம்மன் சிலை களவு போய்விட்டது. முறைப்பாடு எழுதப் போனவர்களிடம் பொலிசில் கேட்ட முதல் கேள்வி, "படம் இருக்கா?" அந்தக் கோயில் திருவிழாவை வருஷா வருஷம் எடுத்தது நான்தான். ஹாட் டிஸ்கில் ஆயிரக்கணக்கில் கிடந்தன.

எல்லாவற்றையும் திறந்து பார்த்தோம். ஒன்றும் உதவவில்லை. பட்டு, ஆரம், வெள்ளிக் கவசம், சந்தனக்காப்பு. தெரிந்தது முகமும் நாலு விரலும்தான். பூங்காவனத் திருவிழாவன்று எடுத்ததில் முகத்திலும் பாதி மல்லிகைக்குள். கடைசியில் முறைப்பாட்டில் ஏறிய விவரம் இதுதான்: சுமார் ஒன்றரை அடி உயர அம்மன் சிலை, மஞ்சள் நிறம். அந்த விவரத்துக்குப் பொருந்துகிற சிலை நகரத்துப் பாத்திரக் கடைகளிலும் நிற்கும்.

சில மாதம் கழித்து வேறொரு மாவட்டத்தில் பிடிபட்ட சிலை ஒன்றை வந்து பார்க்கச் சொன்னார்கள். கோயில் நிருவாகியான வண்ணக்கரும் குருக்களும் நானும் வான் பிடித்துப் போனோம். பொலிஸ் நிலைய மேசையில் துணி விரித்து வைத்திருந்தார்கள். வண்ணக்கர் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். "இதுதான், எங்கட அம்மாள்தான்" என்றார், குரல் தழுதழுத்துப் போய். எனக்கும் அப்படித்தான் பட்டது. குருக்கள் ஒன்றும் பேசவில்லை. கிட்டப் போய், கையைச் சிலைக்குப் பின்னால் விட்டு இடுப்புக்குக் கீழே தடவினார்.

"இல்ல வண்ணக்கர். எங்கட அம்மாளுக்கு இந்த இடத்தில ஒரு குழி இரிக்கு. எண்ணெய்க்காப்புச் சாத்தினா எண்ணெய் அதுக்குள்ள நிக்கும். துணி முனையத் திரிச்சு விட்டுத்தான் நான் எடுக்கிற. இது வழுவழுண்டு இரிக்கு."

ஊருக்கு முகம் தெரியும், குருக்களுக்கு மட்டும் முதுகு தெரியும். அந்தக் குழி எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. அவர் அன்றைக்கு வராதிருந்தால் வேறு ஊராரின் தெய்வத்தை எங்களுடையது என்று சத்தியம் பண்ணிக் கொண்டுவந்திருப்போம். எங்கள் அம்மன் இன்றுவரை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தச் சந்தை எப்படி ஓடுகிறது என்று தேடித் தேடி வாசித்தேன். எல்லாருக்கும் தெரிந்த பெரிய வழக்கு நியூயோர்க் பழம்பொருள் வியாபாரி சுபாஷ் கபூருடையது. தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயில், பூசை நின்று பூட்டிக் கிடந்தது. சோழர் காலத்து நடராசரை 2006இல் எடுத்துப் போனார்கள். அது வெளியில் தெரிய வந்தது 2008இல், மிச்சச் சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற அதிகாரிகள் போனபோது. அதே 2008இல் அவுஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அந்த நடராசரைக் கபூரிடமிருந்து 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியிருந்தது. சிலையோடு ஒரு கட்டுக் காகிதமும் வந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போன சிலை, முந்திய உடைமையாளர் இன்னார் என்று எல்லாம் பொய். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில் கோயிலாகப் போய் எடுத்துவைத்த பழைய படங்கள்தான் அந்தப் பொய்யை உடைத்தன. 2014இல் சிலை திரும்பியது. 2011இல் ஜேர்மனியில் பிடிபட்ட கபூருக்கு 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் 10 வருஷச் சிறை விதித்தது.

இதில் எனக்கு உறைத்தது பூட்டிக் கிடந்த கோயில் என்ற இடம். எங்கள் பக்கம் கண்ணகை அம்மன் கோயில்கள் பல வைகாசிச் சடங்குக்கு மட்டும் கதவு திறப்பவை. அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடி முடித்துக் கதவு சாத்தினால் அடுத்த வைகாசிதான். சிலம்பும் அம்மானைக்காயும் பிரம்பும் உள்ளே இருக்கிறதா என்று நடுவில் யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. 1990இல் போருக்குப் பயந்து சனம் எழும்பி ஓடியபோது, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எத்தனை கோயில் வருஷக்கணக்காக ஆளில்லாமல் கிடந்தது! 1978 சூறாவளி, 2004 சுனாமி என்று அடுக்கினால், எங்கள் கோயில்களில் எது காற்றோடு போனது, எது கடலோடு போனது, எது ஆளோடு போனது என்று பிரித்துச் சொல்ல ஒரு பட்டியல்கூட இல்லை. கள்ளனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

கிழக்குக் கரைக்கு இது புதிதுமல்ல. பிரித்தானிய நூதனசாலையில் நிற்கிற, பௌத்தத் தெய்வமான தாரையின் சிலை உலகறிந்தது. 143 சென்ரிமீற்றர் உயரம், பொன்முலாம் பூசிய வெண்கலம், 8ஆம் நூற்றாண்டு. இலங்கையில் ஆங்கிலேய ஆளுநராக இருந்த பிரௌன்றிக் கொண்டுபோய் 1830இல் கொடுத்தது. கிடைத்த இடம், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில். நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட கரை அது. எந்த ஊர், யாருடைய காணி, யார் கிண்டி எடுத்தது என்பதற்கெல்லாம் அந்த ஒரு வரிதான் பதில்.

ஊருக்குள் வருகிறவன் சிலை வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. பழைய பித்தளைக்குப் புதுச் சட்டி என்று ஓட்டோவில் வருபவன் ஒரு ரகம். அவனுக்குக் குத்துவிளக்கும் செம்பும் நிறைக்கு. அடுத்தவர் மரியாதையான ஆள், வேட்டி சால்வையோடு பரிபாலன சபையைச் சந்திப்பார். "விக்கிரகம் பின்னப்பட்டுப் போச்சே, பின்னப்பட்டதுக்குப் பூசை வைக்கலாமா? நான் பஞ்சலோகத்தில புதுசு வார்த்துத் தாறன், செலவு என்ர உபயம். பழசைக் கடல்ல விடுற பொறுப்பையும் நானே எடுக்கிறன்." கேட்பவர்களுக்கு இதில் குறை சொல்ல ஒன்றும் தெரியாது. சாத்திரமும் அவர் பக்கம். கடலில் விட்டதை மட்டும் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அப்படி ஒரு உபயகாரர் வந்தால், புதியது வரட்டும், பழையது மடப்பள்ளிப் பக்கம் ஒரு பெட்டிக்குள் எங்கள் பூட்டில் இருக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான உபயகாரர் என்றால் ஒத்துக்கொள்வார்.

பழைய ஓலை ஏடு தேடி வருகிறவர்கள் இன்னொரு வகை. கூத்து அண்ணாவியார் ஒருவர் காலமான வீட்டுக்கு, அந்தியேட்டி முடிந்த கையோடு ஒருவர் வந்திருந்தார். "படம் எடுத்திட்டுக் கொண்டந்து தாறன் அம்மா, இஞ்ச கிடந்தா பூச்சிதான் அரிக்கும்" என்று ஏட்டுக் கட்டையும் கூத்தில் தலையில் வைக்கிற முடி (கிரீடம்) ஒன்றையும் கேட்டிருக்கிறார். அந்த வீட்டு மகள் என் மனைவியின் சிநேகிதி என்பதால் எனக்குப் போன் வந்தது. "படம் எடுக்கிற எண்டா இஞ்சயே வந்து எடுக்கச் சொல்லு புள்ள, லைட்டும் மேசையும் நான் கொண்டாறன்" என்றேன். ஆள் பிறகு வரவில்லை. உண்மையான ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அவர்களை விரட்டவேண்டாம். ஆனால் எண்ணிமப்படுத்தும் திட்டங்கள் இத்தனை வந்துவிட்ட காலத்தில், படம் எடுப்பதற்காக மூல ஏடு வீட்டுப் படலையைத் தாண்டவேண்டிய அவசியம் இல்லை. இரவலாகக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் எத்தனை ஓலை, முதல் ஓலையில் என்ன வரி, எப்போது திரும்பும் என்று எழுதி, வாங்குகிறவர் அடையாள அட்டை இலக்கத்தோடு ஒப்பமிடட்டும்.

என் தொழிலோடு நேராக முட்டிய சம்பவம் ஒன்றுண்டு. ஒருவர் பழைய குடும்பப் படம் ஒன்றைப் புதுப்பிக்கக் கொண்டுவந்தார். தாத்தா நாற்காலியில், பாட்டி பக்கத்தில், பின்னால் வெறும் சுவர். கூடவே போனில் ஒரு சிலையின் படம். அந்தச் சிலையைத் தாத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்ததுபோல் சேர்த்து, அதே மங்கலில், அதே மண்ணிற மட்டையில் அச்சடித்துத் தரவேண்டுமாம். கூலி நான் கேட்டதற்கு மேலே. எதற்கு என்று கேட்டேன், "சும்மா ஒரு ஞாபகத்துக்கு." தாத்தா வீட்டில் இருந்த சிலை என்றால் இப்போது வீட்டில் எடுத்த படம் போதுமே, எதற்குத் தாத்தா? அந்த வேலையை எடுக்கவில்லை. கபூரின் பொய்க் காகிதத்தைப் பற்றி வாசித்திராவிட்டால் எனக்கு அது இன்னொரு ஃபோட்டோஷொப் வேலை, அவ்வளவுதான். படம் புதுப்பிக்கிற தம்பிமார், கடித எழுத்தாளர்கள், முத்திரை வெட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். களவுப் பொருளுக்குப் பிறப்புச் சாட்சி செய்து கொடுக்கிற இடம் எங்கள் கடைகள்தான்.

இந்தக் காகிதத் தேவை இனிக் கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் புதிய விதி நடைமுறையில் இருக்கிறது. 250 வருஷத்துக்கு மேற்பட்ட அகழ்பொருளும், கோயில் கட்டடம் போன்றவற்றிலிருந்து பெயர்த்த பகுதியும் உள்ளே வர அனுமதிப்பத்திரம் வேண்டும். 200 வருஷம் தாண்டிய, 18,000 யூரோவும் அதற்கு மேலும் பெறுமதியான மற்றக் கலைப்பொருள்களுக்கு இறக்குமதியாளர் உறுதிமொழி கொடுக்கவேண்டும். நல்ல விதிதான். ஆனால் ஏலக்கூடங்களில் வாங்கியவர் பெயரும் விற்றவர் பெயரும் மறைவாகவே இருக்கும் பழக்கம் போகவில்லை. ஆகவே ஊருக்கு வருகிறவன் இனிச் சிலையோடு கடிதமும் கேட்பான் என்பது என் கணிப்பு. கோயில் கடிதத் தலைப்பில் "இது இன்னாரின் பரம்பரைச் சொத்து" என்று எவர் கேட்டாலும் எழுதிக் கொடுக்காதீர்கள், ஊர்ப் பெரிய மனிதர் கேட்டாலும் சரி.

எங்கள் நாட்டில் சட்டம் இல்லை என்று நினைக்கவேண்டாம். 1940இன் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1988இன் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் கலாசாரச் சொத்தை வெளிநாட்டுக்கு அனுப்பமுடியாது. களவாகக் கடத்தும் கலாசாரச் சொத்துப் பற்றிய 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ சமவாயத்தில் இலங்கை 1981இல் சேர்ந்தது. தொல்பொருளுக்குக் கட்டளைச் சட்டம் போட்ட கோடு 1815 மார்ச் 2, கண்டி உடன்படிக்கை நாள். மட்டக்களப்புக் கோட்டையை ஆங்கிலேயர் 1795இலேயே பிடித்துவிட்டார்கள், இருந்தாலும் எங்கள் அம்மனின் வயதைக் கண்டியைக் கொண்டுதான் அளக்கவேண்டும். கும்பாபிஷேகப் பத்திரிகைகூடப் பத்திரமாக இல்லாத கோயில் எந்தத் தேதியை எதைக் கொண்டு நிரூபிக்கும்?

அதைவிடப் பெரிய சிக்கல் நம்பிக்கை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள்களுக்கென்று ஜனாதிபதி செயலணி அறிவித்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் எங்கள் சனம் பார்த்தது தொல்பொருள் திணைக்களத்தின் பெயர்ப்பலகையும் எல்லைக் கல்லும். ஆகையால் கோயிலில் பழைய சிலை இருக்கிறது என்று திணைக்களத்துக்குச் சொல்வதென்றால், கோயில் காணியே போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைப் புரியாமல் "பதிவு செய்யுங்கள்" என்று கொழும்பிலிருந்து புத்தி சொல்வதில் பிரயோசனமில்லை. இதே பயத்தை வியாபாரியும் நன்றாகப் பாவிக்கிறான். "அவங்க வந்து எடுக்கிறதுக்கு முதல் எனக்குத் தாங்க" என்ற பேச்சை நானே காதால் கேட்டிருக்கிறேன். என் அபிப்பிராயம், இரண்டையும் பிரித்துவிடவேண்டும். திணைக்களத்தில் பதிவதா இல்லையா என்பதைச் சபை ஆறுதலாக, சட்டத்தரணியைக் கேட்டு முடிவெடுக்கட்டும். உங்களுக்கென்று ஒரு பதிவுப் புத்தகம் வைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அந்தப் புத்தகத்தில் என்ன எழுதுவது என்பதற்கு 1997இல் அமெரிக்காவின் கெற்றி என்ற கலை நிறுவனம் பல நாட்டுப் பொலிசாரோடும் நூதனசாலைகளோடும் சேர்ந்து உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது, பெயர் ஒப்ஜெக்ட் ஐடி. பெரிய வித்தை ஒன்றுமில்லை. என்ன பொருள், எதனால் ஆனது, உயரம் அகலம் நிறை, எழுத்து ஏதும் பொறித்திருக்கிறதா, என்ன உருவம், எப்போதையது, தனித்த அடையாளம் என்ன. நான் அதிகம் மினக்கெடுவது கடைசியில்தான். வார்ப்பில் விழுந்த குழி, ஒட்டுப்போட்ட விரல், தேய்ந்த மூக்கு, பீடத்தில் காவுதடி வளையத்தில் ஒன்று மற்றதைவிடக் கோணல். புதிதாகச் செய்கிறவன் அழகைப் பார்த்துச் செய்வான், குறையைப் பார்த்துச் செய்யமாட்டான்.

படமெடுக்க ஒரே நேரம் அபிஷேகம் முடிந்து துடைத்த பிறகு, அலங்காரத்துக்கு முன்னம். குருக்களோடு முதலே பேசிக்கொள்ளவேண்டும். எங்கள் பக்கத்துக் குருக்கள்மார் முதலில் முகம் சுளித்தாலும், அந்தக் குழியின் கதையைச் சொன்னதும் இறங்கி வந்தார்கள். மூலஸ்தானத்துக்குள் நான் போவதில்லை. போனைக் குருக்களிடம் கொடுத்து, பிளாஷை நிறுத்தி, முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என்று வாசலில் நின்று சொல்லச் சொல்ல அவர் எடுப்பார். புளி போட்டுத் துலக்கிய வெண்கலம் பளபளத்து விவரம் எல்லாவற்றையும் தின்றுவிடும், ஆகவே துலக்கிய அன்று எடுக்கவேண்டாம். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் உளி பட்ட தடமும் குழியும் தெரியும். அளவுகோலைச் சாமிமேல் சாத்தவேண்டாம், பீடத்துக்குப் பக்கத்தில் தையல் நாடாவை விரித்துவிட்டால் போதும். மண்டூர் முருகன் போல திரைக்குப் பின்னால், வாய் கட்டிப் பூசை செய்கிற கோயில்களில் படம் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. அங்கே பூசை செய்கிற கப்புகனார் வாயால் சொல்ல ஒருவர் எழுதிக்கொள்ளலாம், அதுவும் அவர் விரும்பினால்.

எடுத்த படத்தை எங்கே வைப்பது? பேஸ்புக்கில் மட்டும் வேண்டாம். "ஆயிரம் வருஷப் பழமை, கோடி பெறும்" என்று கும்பாபிஷேகத்தை நேரலை விடுகிற சபைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கள்ளனுக்கு வீட்டு இலக்கத்தையும் விலையையும் சேர்த்துச் சொல்கிறோம். அச்சிட்ட தொகுப்பு ஒன்று வண்ணக்கரிடம், ஒன்று சபைச் செயலாளரிடம், ஒன்று சுவிசிலோ கனடாவிலோ இருக்கிற நம்பிக்கையான பிள்ளையிடம். கூட்டக் குறிப்பில் இன்ன திகதி இத்தனை பொருள் பதியப்பட்டது என்று எழுதி எல்லாரும் ஒப்பமிடவேண்டும். அந்தத் திகதிதான் பிறகு வழக்கில் பேசும்.

களவு போய்விட்டால் மை வெளிச்சம் பார்த்துக் கள்ளனைச் சொல்கிறவரிடம் போவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இடத்தைக் கழுவ விடாதீர்கள், எங்கள் ஆட்கள் முதலில் செய்வது தீட்டுக் கழிப்பது என்று தண்ணீர் ஊற்றுவதுதான். முறைப்பாட்டோடு படங்களைக் கொடுத்து முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இன்ரர்போலின் களவுக் கலைப்பொருள் தரவுத்தளத்தில் 50,000க்கு மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. அதில் நாங்கள் நேராகப் பதியமுடியாது, பொலிஸ் ஊடாகத்தான் போகும், ஆகவே போகச்செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். 2021இல் அவர்கள் வெளியிட்ட ஐடி-ஆர்ட் செயலி இலவசம். போனில் போட்டு வைத்தால் தேடலாம், உங்கள் பட்டியலையும் அதிலேயே செய்யலாம்.

வாங்குகிற பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று. அறுகம்பைப் பக்கம் வெளிநாட்டவருக்கும், விடுமுறைக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்கும் பழைய சிலை என்று விற்பதில் நிறையப் புதியது. மண்ணில் புதைத்து, அமிலம் தடவிப் பச்சை ஏற்றியது. புதியதென்றால் காசு போச்சு, உண்மையில் பழையதென்றால் விமான நிலையத்தில் ஆளே மாட்டலாம். இரண்டிலும் விற்றவன் தப்பிவிடுவான்.

களவு கொடுத்த அந்தக் கோயில் இப்போது வண்ணக்கர் மாறுகிறபோதெல்லாம் புத்தகத்தை வைத்துப் பொருள் எண்ணிக் கையேற்கிறது. முதல்முறை எண்ணியபோது தூண்டாமணி விளக்கு ஒன்று குறைந்து பெரிய வாக்குவாதம். பொலிசுக்குப் போவோம் என்றுகூடப் பேச்சு வந்தது. விளக்கு ஒரு கல்யாண வீட்டில் இருந்தது. இரவலாக வாங்கிப்போனவர்கள் பந்தல் பிரித்தும் திருப்பித் தரவில்லை, அந்தத் தம்பதிக்கு இப்போது நடக்கிற பிள்ளையும் இருக்கிறது. பழைய வண்ணக்கர் தன் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு போய் அன்றைக்கே தூக்கி வந்தார். இரவல் கொடுப்பதற்கென்று புத்தகத்தின் பின்பக்கத்தில் இப்போது தனியாகக் கோடு போட்டிருக்கிறோம்.